வாப்பாவின் மொரிஸ் மைனர்

காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறை வீதியால் மேற்கே வந்தால், வயல்வெளியைக் கடந்ததும் எங்கள் ஊர் மாவடிப்பள்ளி. சம்மாந்துறைக்குப் போகிறவர்கள் பஸ் யன்னலால் பார்த்துவிட்டுக் கடந்து போகிற சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு வீட்டின் பின்வளவில், தகரக் கொட்டிலுக்குள், இரண்டரை வருடங்களாக வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரண்டு பெண்கள் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அந்த வீட்டுக்காரி. மற்றவள் நான்.

குடும்பப் பிணக்கு, கடன், வாழ்வாதாரம் என்று எழுதுகிறவளுக்குக் காரோடு என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கக்கூடும். இந்தக் கதையிலும் அவை மூன்றும் இருக்கின்றன. கூடவே ஒயிலும் துருவும் இருக்கின்றன.

நானும் அவளும் முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் போனேன். அவள் சாதாரண தரத்தோடு நிறுத்தப்பட்டு, கலியாணம் முடித்து, பிறகு சவூதியில் வீட்டு வேலைக்குப் போய், நான்கு வருடங்களின் பின் திரும்பி வந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளோடு தையல் மெசினை நம்பி வாழ்கிறாள். ஆனால் அவளுக்கு ஊசி நூலுக்கு முன்னமே பழக்கமானது ஸ்பெனர். அவளுடைய வாப்பா கல்முனைக்குடிக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு கராஜ் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே போய், நட்டுகளை அளவு பார்த்துப் போத்தல்களில் பிரித்துப் போடுவது அவளுடைய வேலை. காதால் கேட்டே எந்த எஞ்சின் எதனால் இருமுகிறது என்று சொல்வாள். வளர்ந்ததும் கராஜுக்குப் போக வேண்டாம் என்றார்கள். எங்கள் ஊர்களில் இது புதுமையான கதை இல்லை.

வாப்பாவின் சொந்தக் கார் ஒரு மொரிஸ் மைனர், 1960ஆம் ஆண்டு மொடல், 948 சீசீ எஞ்சின். சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட இலக்கத் தகடு. அதற்கு முந்திய கார்களுக்கு, சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து இலக்கம் கொடுத்தார்கள். 1950களின் பிற்பகுதியில் அந்த ஸ்ரீ வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் நடந்த எதிர்ப்பைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு தகடுகூட நாட்டின் கதையைச் சுமக்கிறது. சரி, காருக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கராஜும் போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்த நாளில் ஒரு காரைப் பற்றிக் கதைக்க எவருக்கும் மனம் வராது. வாப்பா உயிர் தப்பினார். மூன்று கிழமைக்குப் பிறகு, இரண்டு தென்னைகளுக்கிடையில் மணலும் உப்புமாகச் செருகிக் கிடந்த மொரிஸை உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டு மாவடிப்பள்ளிக்கு வந்து, மகளின் வீட்டு வளவில் நிறுத்தினார். திருத்துவேன், திருத்துவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் 2018இல் மௌத்தானார். அந்தப் பதினான்கு வருடமும் கோழிகள் அதற்குள் முட்டையிட்டன.

வாப்பாவின் சொத்தைப் பங்கு வைக்க இருந்தபோதுதான் அந்தக் கார் ஒரு பிரச்சினையானது. எங்கள் கரையோரத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவதுதான் வழக்கம். கலியாணத்தோடு வீட்டை மகளின் பேரில் எழுதி, மருமகனை அங்கே குடியிருத்துகிறோம். ஆகவே வீடு ஏற்கெனவே அவளுடையது. வளவும் அவளுடையது. காரோ வாப்பாவின் பேரில் இருந்தது. கராஜ் நின்ற காணித்துண்டு, ஆயுதப் பெட்டிகள், கார் எல்லாம் சேர்த்து மதிப்பிட்டு, உம்மாவுக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் இரண்டு ஆண்மக்களுக்கும் இவ்விரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்று கணக்குப் பார்த்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியதும் பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியிருந்த காலம் அது. மூத்த காக்கா பழைய இரும்புக்காரனைக் கூட்டி வந்தார். இளையவர் கொழும்பில் ஒருவர் கேட்கிறார் என்றார். என் தோழி, தன் பங்குக் காசை விட்டுவிட்டுக் காரையும் வாப்பாவின் ஆயுதப் பெட்டியையும் கேட்டாள்.

"பைத்தியமா உனக்கு? காசாத் தாறம். இந்தத் துருவ வெச்சி என்ன செய்யப் போறாய்?" என்று மூத்த காக்கா கேட்டார்.

"ஓட்டப் போறன், காக்கா" என்றாள்.

அவர் சிரித்தார். கையெழுத்து வைத்தார். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். தன் பங்கு முழுவதையும் அவள் அந்த இரும்பில் போட்டுவிட்டாள். கார் ஓடாவிட்டால் அந்தச் சிரிப்பு சரியாகிவிடும்.

அவளுடைய திட்டம் சாதாரணமானது. நம் நாட்டில் மொரிஸ் மைனர்களை அலங்கரித்துக் கலியாண வாடகைக்கு விடுகிறார்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை என்று சுற்றியுள்ள ஊர்களில் கலியாணமில்லாத கிழமை அரிது. மாதத்துக்கு மூன்று ஓட்டம் கிடைத்தாலும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்பது அவள் கணக்கு. பழுதான காரைப் பழையபடியே ஆக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். அதைக் குழப்பியவன் அவளுடைய மகன். பதின்மூன்று வயது. போனில் அமெரிக்கக் கார்களின் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, "உம்மா, மூத்தவாப்பாட காரை ஹொட் ரொட் ஆக்குவமா?" என்றான். அது என்ன என்று எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், 1930களில் தொடங்கிய பழக்கம் இது. வசதியில்லாத இளைஞர்கள் மலிவு விலையில் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கினார்கள். பாரத்தைக் குறைக்க மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். காற்று தடுக்காமல் இருக்கக் கூரையின் தூண்களை வெட்டிக் கூரையைத் தாழ்த்தினார்கள். அதற்குள் பெரிய எஞ்சினை இறக்கினார்கள். 1932இல் ஃபோர்ட் கம்பனி எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் காரில் பூட்டி விற்றது. அதன் சக்தி 65 குதிரை வலு. அதுதான் அந்தப் பையன்களின் கைக்குக் கிடைத்த பொக்கிஷம். மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரித் தரைகளில் போய் வேகம் பார்த்தார்கள். 1937இல் தங்களுக்குள் ஒரு சங்கத்தையும் அமைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் வீடா ஓர் என்ற பெண்ணும் இருந்தார். ஆண்களோடு சமமாக ஏரித் தரையில் கார் ஓட்டியவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பையன்கள் படைக்குப் போனபோது, கார்ச் செய்திகளைத் திரட்டிச் செய்திமடலாக்கி, தூரதேசத்து முகாம்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவரும் அவரே. இதைத் தோழிக்குச் சொன்னபோது, "அப்ப நீ எழுது, நான் ஓட்டுறன்" என்றாள்.

ஹொட் ரொட் என்ற பேரிலேயே ஒரு சஞ்சிகை 1948 ஜனவரியில் அங்கே வெளிவந்தது. அதற்கு அடுத்த மாதம் நமது நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருடம் ஒக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொரிஸ் மைனர் மக்கள் பார்வைக்கு வந்தது. மூன்றும் ஒரு வயதுக்காரர்கள்.

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906இல் பிறந்து, பதின்ம வயதில் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தவர். பின்னாளில் மினி காரை வடிவமைத்தவரும் அவர்தான். கம்பனி முதலாளியான நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் காரைக் கண்ணில் காட்ட முடியாது. அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று ஏளனம் செய்தாராம். கடைசியில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உற்பத்தி தொடங்கும் நேரத்தில் மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு, அது ஒடுங்கலாக இருக்கிறது என்று பட்டது. காரை நீளவாக்கில் நடுவால் வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளியில் நிறுத்தினார். அந்த நான்கு அங்குலம் சேர்ந்துதான் நாம் காணும் மொரிஸ் மைனர். பொனட்டின் நடுவே மேடாக ஓடுகிற பட்டையைப் பார்த்திருப்பீர்களே, அது அந்த ஒட்டுப் போட்ட அடையாளம். முதலில் செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவால் வெட்டித் துண்டு போட்டுத்தான் பூட்டினார்களாம். இதை மகனுக்குச் சொன்னதும், "அப்ப இது பிறக்கேக்கயே ஹொட் ரொட்தான்" என்றான். மறுத்துச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

2023 ஜனவரியில் வேலையைத் தொடங்கினோம். வாப்பாவிடம் தொழில் பழகிய சம்மாந்துறைக் காக்கா ஒருவர், வெல்டிங்குக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். அறுபது கடந்த மனிதர். பெண்களோடு எப்படி வேலை செய்வது என்று அவருக்குக் கூச்சம். தோழியின் உம்மா கொட்டில் வாசலில் பன்பாய் இழைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஊர் மட்டும் தன்பாட்டுக்குக் கதைத்தது. காருக்குக் கீழே இரண்டு பெண்கள் மல்லாக்கப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கவென்றே மதிலால் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஆறு மாதத்தில் அவர்களுக்கே சலித்துவிட்டது.

காக்கா வந்த முதல் நாளே கூரையை வெட்டும் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அந்தப் பழைய ஃபோர்ட்களுக்குக் கீழே தனியாக ஒரு செசி இருந்தது. உடம்பைக் கழற்றி எடுத்து, வெட்டி, திரும்ப வைக்கலாம். மொரிஸ் மைனருக்குத் தனிச் செசி கிடையாது. தரை, பக்கக் கட்டு, கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. ஓரிடத்தில் வெட்டினால் இன்னோரிடம் வளையும். எங்கள் காரிலோ உப்புத் தண்ணீர் தரையையும், கதவுக்குக் கீழுள்ள கட்டையும், பின் வில்லுகள் தொங்கும் இடத்தையும் தின்று முடித்திருந்தது. காக்கா சுத்தியலின் நுனியால் தட்டத் தட்ட பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. தோழியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

எட்டு மாதம் அந்தத் தரைக்கே போனது. கெட்ட தகரத்தை வெட்டி நல்ல தகரம் காணும் வரை போவது; கடதாசியில் அளவு வெட்டி, அதைத் தகரத்தில் வைத்து வரைந்து, வெட்டி, பொருத்தி, பிறகுதான் வெல்டிங். அளவு வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சல்வாருக்கு வெட்டுகிற கை அல்லவா. காக்காவே ஒருநாள் சொன்னார்: "மகள், வாப்பா இருந்தா இந்தத் துண்டை இதைவிட நல்லா வெட்டியிருக்க மாட்டார்." வீட்டில் யாராவது இப்படி வேலை செய்ய நினைத்தால் இரண்டு விசயம் சொல்கிறேன். வெல்டிங்குக்கு முன் பெற்றோல் டாங்கியைக் கழற்றி வளவுக்கு வெளியே வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகாதீர்கள். நாங்கள் நான்கு பாலைமரக் கட்டைகள் வைத்தோம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. உப்பு சிலிண்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. ஜப்பான் எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டலாம் என்று பலர் சொன்னார்கள். அப்படிப் பூட்டிய மொரிஸ்கள் நம் நாட்டில் நிறைய ஓடுகின்றன. தோழிக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஹொட் ரொட்காரர்களின் மிகப் பழைய தந்திரத்தைத் தெரிந்தெடுத்தாள். ஒரே குடும்பத்தின் பெரியண்ணனைத் தேடுவது. மொரிஸ் மைனருக்கு 1962இலிருந்து 1098 சீசீ எஞ்சின் போட்டார்கள். எங்கள் 948 எஞ்சினுக்கு 37 குதிரை வலு, அதற்கு 48. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தன் இரண்டு காப்பை விற்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒன்றைப் பிடித்தாள். நானும் கூடப் போனேன். பழைய உதிரிப்பாகச் சந்தைக்குள் அபாயாவோடு இரண்டு பெண்கள் நுழைந்து சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னதை அந்தத் தெரு அன்று கொஞ்ச நேரம் பார்த்தது. பழைய எஞ்சின் வாங்குகிற எவரும், அது எந்த வாகனத்திலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் எஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டும். கையில் துண்டில்லாமல் அங்கே போக முடியாது.

இவ்வளவு புத்தியாக நடந்த நாங்கள் அடுத்ததில் மாட்டினோம். எஞ்சின் வந்து இறங்கி, எங்கள் பழைய கியர் பொக்ஸோடு பொருத்தப் போனால் பொருந்தவில்லை. 948இன் கிளட்ச் தட்டு ஆறேகால் அங்குலம். 1098இனது ஏழேகால் அங்குலம். அதை மூடுகிற கூடும் அதற்கேற்பப் பெரிது. எஞ்சினோடு கியர் பொக்ஸையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். வாப்பாவின் ஒயில் படிந்த புத்தகத்தில் இரண்டு அளவுகளும் இருந்தன. ஒன்றுக்கு எதிரே மற்றதை வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. திரும்பவும் கொழும்பு. அந்தத் தடவை நான் என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். கடன் என்று சொல்லித்தான் வாங்கினாள், கொப்பியிலும் எழுதினாள்.

இன்னொரு விசயமும் இருந்தது. இந்தக் கார்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வுகள் வந்து குந்தும் இடம் தேயாமல் காத்தது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் உடம்புக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது செய்த நன்மை பெரிது. பழைய எஞ்சின்களுக்கு மட்டும் அது கஷ்டம். ஆகவே ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, வால்வு குந்தும் இடத்தில் கடினமான உருக்கு வளையங்கள் இறக்கினோம்.

பிரேக் பகுதி என் பொறுப்பு. அவள்தான் கொடுத்தாள். "ஓடுறத நான் பாக்கன். நிக்கிறத நீ பாரு" என்றாள். எஞ்சினின் வலுவைக் கூட்டினால் முதலில் பிரேக்கைக் கூட்ட வேண்டும். பழைய 948 காரின் முன் பிரேக் டிரம் ஏழு அங்குலம். 1098க்கு எட்டு அங்குலமாக்கினார்கள். அந்த எட்டு அங்குல டிரம்மையே தேடிப் பூட்டினோம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசைக் காற்றடித்துப் பறக்கவிடக்கூடாது, நெஞ்சுக்குக் கேடு. தண்ணீரால் நனைத்துத் துணியால் வழித்து எடுத்துக் கட்டி எறிய வேண்டும். இதையெல்லாம் படித்துப் படித்துச் செய்தேன். பிரேக்கின் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதையும் கண்டுபிடித்துக் கழற்றிப் புது ரப்பர்கள் போட்டேன். பெருமையாகவும் இருந்தது. கடைசியில், கொட்டிலில் இருந்த இரண்டு போத்தல்களில் ஒன்றை எடுத்து ஊற்றினேன். பிரேக் ஒயில் அல்ல அது, வேறு ஒயில். மண்ணெண்ணெய், எஞ்சின் ஒயில், ஹைட்ரோலிக் ஒயில் போன்ற எதுவும் பிரேக்கின் ரப்பரில் படக்கூடாது. பட்டால் ரப்பர் ஊதிப் பெருக்கும். இரண்டு நாளில் பெடல் கல் மாதிரி ஆனது. சில்லுகள் தாமாக இறுகிப் பிடித்துக்கொண்டன. எல்லா ரப்பரையும், எல்லாக் குழாயையும் திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. ஒரு மாதமும் கொஞ்சக் காசும் என்னால் போனது.

நான் அழுதுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு போத்தல்களையும் எடுத்து, ஒன்றில் சிவப்புத் துணியும் மற்றதில் வெள்ளைத் துணியும் கட்டினாள். பிறகு, "வாப்பா எனக்கும் இப்பிடித்தான் கட்டித் தந்தார்" என்றாள். அவளும் ஒன்பது வயதில் இதே தவறைச் செய்தவளாம்.

பெர்த்தா பென்ஸ் என்ற பெண்ணின் கதை அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது. 1888 ஓகஸ்டில், கணவர் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு, ஜேர்மனியின் மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போனவர் அவர். மோட்டார் வண்டியில் முதன்முதலாக நெடும்பயணம் போனவர். அடைபட்ட பெற்றோல் குழாயைத் தொப்பியின் ஊசியால் குத்தித் திறந்தார். இறக்கத்தில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு கட்டைகளுக்குத் தோல் அடித்தார். பிரேக்குக்கு லைனிங் போடும் வேலை அப்படித் தொடங்கியது என்று சொல்வார்கள். நிறுத்துவதைப் பற்றி முதலில் கவலைப்பட்டவள் ஒரு தாய் என்று நான் தோழிக்குச் சொன்னேன். "சவூதியில நான் இருந்த வீட்டு மேடத்துக்கு இதைச் சொல்லியிருக்கோணும்" என்றாள். அவள் அங்கே இருந்த காலத்தில் பெண்கள் பின்சீட்டில் மட்டும்தான். அந்நாட்டில் பெண்கள் கார் ஓட அனுமதி கிடைத்தது 2018 ஜூன் 24இல். செய்தியைப் பார்த்த அன்று அவள் தன் பழைய மேடத்தின் மகளுக்கு வாழ்த்து அனுப்பியதை எனக்கு முன்னமே சொல்லியிருக்கிறாள்.

2024 நவம்பர் கடைசியில் மழை. வயல், வீதி, ஆறு எல்லாம் ஒன்றாகின. காரைக் கட்டைகளில் ஏற்றி, எஞ்சினைக் கொட்டிலின் வளையில் சங்கிலியால் தூக்கிக் கட்டினோம். 26ஆம் திகதி பின்னேரம், காரைதீவுக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் வெள்ளம் பாய்ந்த வீதியில், மத்ரஸா விட்டு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு மெசின் தண்ணீரில் இழுபட்டுக் கவிழ்ந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். சம்மாந்துறையில் ஜனாஸாக்கள் நடந்த வீடுகளுக்குப் போய் வந்தவள் நான். அந்தத் தாய்மார்களுக்குச் சொல்ல என் படிப்பில் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கொட்டில் பக்கம் நாங்கள் போகவில்லை.

திரும்பத் தொடங்கியபோது அவள் காரின் முன் கதவில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில், உட்பக்கமாக மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு கீறினாள். வீதியில் தண்ணீர் ஓடுகிறதென்றால், அந்தக் கோட்டில் பாதிக்கு வருமென்று பட்டாலும், கலியாணமே நின்றாலும் கார் இறங்காது என்று மகனுக்குச் சொன்னாள். வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கும் இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறாள். ஓடுகிற தண்ணீரின் இழுப்பை உயரத்தை வைத்து மட்டும் கணக்கிட முடியாது. முழங்காலளவு வராத தண்ணீரே ஒரு சிறிய காரைத் தூக்கிவிடும்.

மட்கார்டுகளைக் கழற்றவில்லை. கூரையைத் தாழ்த்தவில்லை. மகனுக்காக முன்பக்கத்தை ஓரங்குலம் பதித்தோம். மொரிஸ் மைனரின் முன் சில்லுகள் முறுக்குக் கம்பியில் நிற்பதால் அது சுலபமான வேலை. நிறம் பற்றி மூன்று கிழமை சண்டை. மகன் கறுப்பில் நெருப்புச் சுவாலை வேண்டும் என்றான். உம்மா வெள்ளை என்றார். மொரிஸ் மைனர் பத்து இலட்சத்தை எட்டியபோது, அதைக் கொண்டாட அந்தக் கம்பனி இளம் ஊதா நிறத்தில் சில நூறு கார்களைச் செய்ததாக நான் படித்துச் சொன்னேன். கடைசியில் உடம்பு வெள்ளை. பொனட்டின் நடுப் பட்டை மட்டும், அந்த நான்கு அங்குலம் சேர்த்த இடம், கத்தரிப்பூ நிறம். பெயின்ட் அடித்தவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடித்தார்.

பதிவு மாற்றம், பரிசோதனை, காப்புறுதி எல்லாம் முடிந்து 2025 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீதியில் இறக்கினோம். முதலாவது திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில், உம்மாவும் பிள்ளைகளும் பின்னால். காரைதீவுச் சந்தி வரைக்கும் ஒருவரும் கதைக்கவில்லை. சந்தியில் ஒரு ஆட்டோ குறுக்கே வெட்டியது. அவள் மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

முதல் கலியாண ஓட்டம் சாய்ந்தமருதுக்கு. மாப்பிள்ளை வீட்டார் சாரதி எங்கே என்று தேடினார்கள். அவள் திறப்பைக் காட்டினாள். மணப்பெண்ணின் உம்மும்மா மட்டும், "பொம்புளப் புள்ள ஓடினா நல்லதுதான், நம்மட புள்ள ஆறுதலா வருவா" என்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார். எழுதும் இந்நேரம் வரை பதினொரு ஓட்டம் ஆகியிருக்கிறது. அதில் இரண்டு இலவசம். ஒன்று தந்தையில்லாத பிள்ளையின் கலியாணம். மற்றது இரவில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பிரசவம். என் கடனில் பாதி கொப்பியில் வெட்டப்பட்டுவிட்டது.

போன கிழமை மூத்த காக்கா வந்திருந்தார். காரைச் சுற்றி வந்தார். பொனட்டைத் திறக்கச் சொன்னார். வாப்பாவின் கையெழுத்தில் எண்கள் கீறிய பழைய தகட்டை அவள் எஞ்சின் அறையின் பின்சுவரில் திரும்பப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "கல்முனைக்கு ஒருக்கா எடுத்திட்டுப் போய்ப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

மொரிஸ் மைனரின் முன் சில்லுகளைத் தாங்குகிற கீழ் மூட்டுக்குத் தவறாமல் கிறீஸ் அடிக்க வேண்டும். விட்டால் மூட்டு தேய்ந்து கழன்று, ஒருநாள் சில்லு மடிந்து விழும். அன்று கிறீஸ் அடிக்கிற நாள். தோழி கிறீஸ் பம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போகலாம், காக்கா. முதல்ல கீழ படுங்க."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போனார்.